இடிமழையில் நாயுடன் மலையேற்றம்: முகடா, பள்ளத்தாக்கா, வீடா?

மூன்று நாள் மலைப்பயணத்துக்கு எல்லாம் தயார். முதுகுப்பை கட்டியாயிற்று, நாயின் உணவையும் வேளைவாரியாகப் பொட்டலம் போட்டாயிற்று. புறப்படுவதற்கு முந்தைய நாள் வானிலை அறிக்கை மாறிவிடுகிறது: இடியுடன் கூடிய மழை, முகடுகளில் பலத்த காற்று. இப்போது முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. திட்டமிட்டபடியே போய், விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்கி மழையை முந்திக்கொள்ளலாம். உயரத்தைக் கைவிட்டுப் பள்ளத்தாக்கு வழியாக நடக்கலாம். நாயை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத் தனியாகப் போகலாம். பயணத்தையே தள்ளிப்போடலாம்.

தனியாக மலையேறுகிறவர் தன் உடல்வலுவையும் அனுபவத்தையும் வைத்து இவற்றை எடைபோட்டுவிடுவார். நாய் உடன் வரும்போது அது போதாது. குளிர்கிறது, கால் எரிகிறது, இனி முடியாது என்று நாய் சொல்வதில்லை. முன்னால் போகிறவரின் பின்னாலேயே வரும், விழுகிறவரை வரும். அதனால் நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: இந்தப் பாதையின் எந்த இடத்தில் நாய் படுத்துவிட்டாலும், அதைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு என்னால் போய்ச்சேர முடியுமா? மொத்தத் தூரம், ஏற்றம், காட்சிமுனை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் நாயின் எடை 24 கிலோ. மூன்று நாளுக்கான என் பை 13 கிலோ வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சுமந்து ஈரப் பாறையில் இறங்குவது நடக்காத காரியம். பையை அங்கேயே போட்டுவிட்டு நாயைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை வீட்டு மாடிப்படியிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நாயைத் தோள்களின் மேல் குறுக்காகக் கிடத்தி, முன்னங்கால்களை ஒரு கையிலும் பின்னங்கால்களை மறு கையிலும் பிடித்தபடி பத்து நிமிடம் ஏறி இறங்கிப் பாருங்கள். இரண்டு கைகளும் போய்விடுகின்றன என்பது அப்போதுதான் உறைக்கும். ஊன்றுகோல் பிடிக்க முடியாது, கிளையைப் பற்ற முடியாது, கண்ணில் வழியும் மழைநீரைத் துடைக்கவும் முடியாது. நாயைத் தூக்குவதற்கென்றே தூளி போன்ற பட்டைகள் விற்கின்றன. கைகள் இரண்டும் விடுபடும் என்பதால் அந்தக் கூடுதல் எடையை நான் பொருட்படுத்துவதில்லை. 6 கிலோ நாய் வளர்க்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் சின்ன உடல் குளிரில் வேகமாகச் சூட்டை இழக்கும். 40 கிலோ நாய் வளர்க்கிறவர் இடிமழைக் காலத்தில் தனியாகக் கிளம்பவே வேண்டாம். தூக்க இரண்டு பேர் தேவை.

வழியைத் தேர்வதற்கு முன் வரப்போகிற மழை எந்த வகை என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் இரண்டுமே ‘இடியுடன் கூடிய மழை’ என்றுதான் இருக்கும். ஒன்று வெயில் உண்டாக்கும் மழை, வெயில்மழை என்று வைத்துக்கொள்வோம். காலையில் வானம் தெளிவாக இருக்கும், சரிவுகள் சூடாகி ஈரக்காற்று மேலெழும், முற்பகலில் வெள்ளை மேகங்கள் கோபுரம்போல் வளரும், பிற்பகலில் இடித்துக் கொட்டிவிட்டு மாலையில் ஓய்ந்துவிடும். மற்றொன்று பெரிய காற்றழுத்தத் தாழ்வோடு வருவது. இரவு பகல் பார்க்காது, முகட்டின்மேல் மேகம் நாள்கணக்கில் உட்கார்ந்துவிடும். முதல் வகையை நேரம் பார்த்து ஏமாற்றலாம். இரண்டாவதை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் அங்கே ஆபத்து ஒரு மணி நேரத்தில் வந்துபோவதில்லை, ஈரமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. முதல் நாள் நனைந்த ரோமம் இரவில் முழுதாக உலராது. அந்த ஈரத்தோடுதான் நாய் இரண்டாம் நாள் நடக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறிக்கையில் வரும் வெப்பநிலை பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்கானது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 18 டிகிரி என்றால் 1,500 மீட்டர் மேலே 8 டிகிரிதான், காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடலுக்கு அது இன்னும் குளிர்ச்சி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 37-க்குக் கீழே போனால் அது வெறும் நடுக்கம் அல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை.

விடியலுக்கு முன் கிளம்பும் வழி

வெயில்மழை மட்டும்தான் என்றால் இது நல்ல வழி, ஆனால் நிபந்தனைகளோடு. முகட்டில் நடக்கும் பகுதி முழுவதும் நண்பகலுக்கு முன்பே முடிந்து, மரங்கள் அடர்ந்த உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து நேரம் கணக்கிடும்போது மனித வேகத்தைப் போடாதீர்கள். நாய் மோப்பம் பிடிக்க நிற்கும், பாறைப் படியில் தயங்கும், ஏணியோ இரும்புப் படியோ வந்தால் அதைத் தூக்கி ஏற்ற வேண்டும். என் கணக்கில் மனித நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வேன். அப்படிக் கூட்டிய பிறகு நண்பகல் தாண்டுகிறது என்றால் இந்த வழி இல்லை.

ஏன் இவ்வளவு கறார்? மின்னல் நான்கு கால் விலங்கிடம் கூடுதல் கொடுமையானது. மின்னல் நேராகத் தலையில் விழுந்து கொல்வது அரிது. அருகே எங்கோ விழுந்து, தரை வழியாகப் பரவும் மின்னோட்டம்தான் பெரும்பாலும் ஆளை வீழ்த்துகிறது. தரையைத் தொடும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கூடக்கூட உடல் வழியாகப் பாயும் மின்னோட்டமும் கூடும். கால்களைச் சேர்த்து நிற்கும் மனிதனுக்கு அந்தத் தூரம் ஒரு சாண்கூட இல்லை. நாயின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் முழு உடலும் இருக்கிறது, அந்தப் பாதையில்தான் இதயமும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்தாங்கர்வித்தா பீடபூமியில் ஒரே இடிமழையில் 323 கலைமான்கள் இறந்துகிடந்தன. மழைக்கு ஒடுங்கி நெருக்கமாக நின்ற மந்தை அது.

இடிக்கும் மின்னலுக்கும் இடையே எண்ணுவது எளிய கருவி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதாவது அடுத்தது உங்கள் தலைமேலேயே விழக்கூடிய தூரம். கடைசி இடி ஓய்ந்து முப்பது நிமிடம் கழியும்வரை முகட்டுக்குத் திரும்பக் கூடாது. நமக்குக் கேட்பதற்கு முன்பே பல நாய்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். வெயில் அடிக்கும்போதே வாலை ஒடுக்குவது, காரணமின்றிக் கொட்டாவி விடுவது, இரைப்பது, கால்களுக்கிடையே வந்து நுழைவது. அப்படிச் செய்தால் ஒருமுறை வானத்தைச் சுற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் நாய் நிம்மதியாக இருக்கிறது என்பதை ‘மழை வராது’ என்று படித்துவிடாதீர்கள்.

முகட்டில் மாட்டிக்கொண்டால் செய்யவேண்டியது இறங்குவது மட்டுமே. தனிமரத்தடி, பாறையின் கீழ் ஆழமில்லாத பொந்து, பக்கச்சுவர் இல்லாத ஓய்வுக்கொட்டகை மூன்றும் மழைக்கு ஒதுங்கத்தான் உதவும், மின்னலுக்கு அல்ல. கூடாரமும் அப்படியே. குந்தி உட்கார்ந்தால் தப்பிவிடலாம் என்று பழைய கையேடுகளில் படித்திருப்பீர்கள். அதை நம்பி முகட்டிலேயே உட்கார்ந்துவிடுவதைவிட, பாதுகாப்பான இடத்தை நோக்கி நடந்துகொண்டே இருப்பது மேல். குழுவாக இருந்தால் ஒருவருக்கொருவர் 15 மீட்டருக்கு மேல் விலகி நடக்கச் சொல்வார்கள், ஒரே இடியில் எல்லோரும் விழாமல் இருக்க. நாயை அப்படி விலக்கி நடத்த முடியாது. அவிழ்த்துவிட்டால் அடுத்த இடிக்கு ஓடிவிடும். மூடுபனியில் நாயைத் தேடிக்கொண்டு முகட்டில் அலைவது மின்னலைவிடப் பெரிய ஆபத்து என்பதால் நான் வாரைக் குறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கட்சி. வார் நைலானாக இருக்கட்டும். இரும்புச் சங்கிலி வேண்டாம். சுருண்டு நீளும் வகை வாரும் வேண்டாம், ஈரக் கையில் அந்தப் பிடி நழுவி விழுந்து பாறைமேல் தடதடக்கும், நாய் அந்தச் சத்தத்துக்கே இன்னும் வேகமாக ஓடும்.

பள்ளத்தாக்கு வழி

மேலே போகாமல் காட்டுவழியில் தாழ்வாக நடப்பது பார்வைக்குச் சமரசம்போலத் தெரியும். என் அளவுகோலுக்கு இதுதான் பெரும்பாலும் ஒத்துவருகிறது. சாலை பக்கத்தில் இருக்கும், குறுக்கு வழிகள் இருக்கும், காற்று பாதியாகும். அதற்காக இது ஆபத்தில்லாத வழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மின்னல் போய் இங்கே தண்ணீர் வருகிறது.

பள்ளத்தாக்கில் முதலில் எண்ண வேண்டியது எத்தனை ஓடைகளைக் கடக்க வேண்டும் என்பதை. பாலம் இருப்பவற்றைத் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர், மேலே எங்கோ கொட்டிய மழையால் மாலையில் தொடையளவாகலாம், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலேயே. நமக்கு முழங்கால் ஆழம் என்பது நாய்க்கு நீச்சல். வேகமான நீரில் நீந்தும் நாய் நேரே அக்கரைக்குப் போகாது, இழுத்துக்கொண்டு போகப்படும். கீழே மரம் விழுந்து ஓடையை மறித்திருந்தால் அந்தக் கிளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். எனவே கடக்கும் இடத்துக்குக் கீழே ஐம்பது அடிக்கு என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். உங்கள் பையின் இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற வசதியாக. நாயின் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்காதீர்கள். இழுத்தால் இரண்டு பேரும் போவீர்கள். நாயின் முதுகில் பை இருந்தால் அதையும் அவிழ்த்துவிட வேண்டும். முதுகில் கைப்பிடி உள்ள மார்புப்பட்டி அணிந்த நாயை அந்தப் பிடியால் தூக்கி, நீரோட்டம் வரும் பக்கம் நம் உடலை வைத்து நடத்துவது ஓரளவுக்குச் சரிவரும். அதைத் தாண்டிய ஆழம் என்றால் திரும்பிவிடுங்கள், அல்லது காத்திருங்கள். சிறிய ஓடைகள் ஏறிய வேகத்திலேயே, மழை நின்ற சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். பொறுமைக்குப் பலன் கிடைக்கும் இடம் மலையில் இது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும்.

கூடாரம் போடும் இடத்துக்கும் இதே பார்வை வேண்டும். ஓடைக்கரை மணல் மெத்தென்று இருக்கும், அங்கே வேண்டாம். காய்ந்த கிளைகள் தொங்கும் மரத்தடியிலும் வேண்டாம், இரவுக் காற்றில் அவை விழும். மண் அண்மையில் சரிந்த தழும்புள்ள சரிவின் கீழும் வேண்டாம். ஈரக் காடுகளில் அட்டைகள் வேறு. தேங்கிய நீரைக் குடிக்கக் குனியும் நாயின் மூக்குத்துளைக்குள் அவை புகுந்துவிடும். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்கு வெகு முன்பே போட்டிருக்க வேண்டும், நாயை நம் பாட்டில் நீரைக் குடிக்கப் பழக்கியும் இருக்க வேண்டும்.

கூடாரமா தார்ப்பாயா, சட்டையா வெறும் ரோமமா

எடை குறைவு என்று தார்ப்பாயை மட்டும் எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வானிலையில் நானும் அந்தக் கட்சிதான். நாயோடு இடிமழையில் கூடாரம்தான், அதுவும் சுற்றிலும் மூடியது. காற்று திசை மாறினால் தார்ப்பாயின் அடியில் சாரல் அடிக்கும், அதைவிட முக்கியமாக, பயந்த நாய் எந்தப் பக்கமும் நழுவி ஓடிவிடும். ஜிப் போட்ட கூடாரத்தில் அது நடக்காது. ஆனால் ஒருவருக்கான கூடாரத்தில் நனைந்த நாயை ஏற்றிப் பாருங்கள்: உள்ளே வந்ததும் மூக்கிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறும், அதோடு உங்கள் ஸ்லீப்பிங் பேக் நனைந்தது. முன்வாசல் திண்ணைபோல் நீண்ட, இரண்டு பேருக்கான கூடாரம்தான் இங்கே வேலைக்கு ஆகும். வாசலிலேயே நிறுத்தி, உதறவிட்டு, காதின் உட்புறம், அக்குள், அடிவயிறு, விரலிடுக்கு என்ற வரிசையில் துடைத்து உள்ளே விடலாம். நகம் கூடாரத் தரையைக் கிழிக்காமல் இருக்க ஃபோம் பாய் ஒன்றை விரித்துவிடுங்கள். அதே பாய் தரைக்குளிரையும் தடுக்கும், வெட்டிய துண்டு போதும்.

நாய்க்கு மழைச்சட்டை தேவையா என்பது ரோமத்தைப் பொறுத்தது. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இரட்டை ரோம நாய்களுக்கு உள்ரோமம் வெகுநேரம் நனையாது. நடக்கும்போது சட்டை போட்டால் உள்ளே வெந்துபோகும். கிரேஹவுண்டு, பாக்ஸர், பக் போன்ற குட்டைரோம நாய்களுக்கும் வயதானவற்றுக்கும் சட்டை இல்லாமல் இந்தப் பயணமே இல்லை. எல்லா நாய்களுக்கும் பொருந்துவது ஒன்று: இரவுக்கென்று ஓர் உலர்ந்த சட்டையை நீர்புகாத உறையில் போட்டு, என்ன ஆனாலும் பகலில் எடுக்காமல் வைத்திருப்பது.

நாயின் முதுகில் பை ஏற்றலாமா? வளர்ந்த, ஆரோக்கியமான நாய் தன் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டைச் சிரமமின்றிச் சுமக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மழையில் அந்தப் பை நனைந்து கனக்கும், ஈரப்பட்டை அக்குளில் உரசிப் புண்ணாக்கும், இறக்கத்தில் நாயின் சமநிலையைக் குலைக்கும். மழை நாளில் அந்தச் சுமை நம்முடையது. உள்ளங்கால் தோலும் ஈரத்தில் ஊறிக் குழைந்து கூர்ப்பாறையில் சுலபமாகக் கிழியும். காலணி போட்டுப் பழகாத நாய்க்கு மலையில் முதன்முறையாக மாட்டினால் ஒன்றை ஓடையில் விட்டுவிடும், மீதி மூன்றை உங்கள் பைக்குள் சுமப்பீர்கள்.

பாதையில் எடுக்கும் முடிவு

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால் தங்குவதா திரும்புவதா? வானத்தைப் பார்ப்பதற்கு முன் நாயைப் பாருங்கள். நடுங்குகிறது, ஆனால் கண் தெளிவாக இருக்கிறது, கொடுத்ததைத் தின்கிறது என்றால் நேரம் இருக்கிறது. துடைத்து, கொழுப்புள்ள உணவாகக் கொடுத்து, உடலோடு அணைத்துச் சூடேற்றி முடிவெடுக்கலாம். நடுங்கிக்கொண்டிருந்த நாய் உடல் உலராமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டு, பிடித்த தின்பண்டத்தை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது தேறிவிட்ட அறிகுறி அல்ல, நேர்மாறு. ஈறு வெளுத்திருக்கும், நடை தள்ளாடும். அந்த நிலையில் நடக்கவைக்காமல், நின்ற இடத்திலேயே கூடாரம் அடித்து, உலர்த்தி, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டிலை அடிவயிற்றோடு வைக்க வேண்டும். பிறகு தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நாய் நொண்டுகிறதே என்று நம் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. இடிக்குப் பயப்படும் நாய்க்குத் தூக்க மருந்து கொடுத்து நடத்தும் யோசனையும் எனக்கு உவப்பில்லை. சில மயக்க மருந்துகள் உடல் வெப்பத்தையே குறைக்கும், கால் தடுமாறவும் செய்யும். கால்நடை மருத்துவர் மருந்து எழுதித்தரும் அளவுக்கு அச்சம் இருக்கிற நாய் இந்தப் பயணத்துக்கு உரியதல்ல.

தள்ளிப்போடுவதா, விட்டுவிட்டுப் போவதா

காற்றழுத்தத் தாழ்வோடு வரும் இரண்டாம் வகை மழை என்றால், முகட்டுப் பாதைக்கு என் பதில் தள்ளிப்போடுவது. பள்ளத்தாக்கில் பாலமில்லாத ஓடைகள் இருந்தாலும் அதே பதில்தான். இதில் வாதிட அதிகம் இல்லை. விடுப்பு வீணாகும், முன்பதிவுப் பணம் போகலாம், அவ்வளவுதான். ஒரே நாளில் திரும்பக்கூடிய, எந்த இடத்திலிருந்தும் ஒரு மணி நேரத்தில் சாலையைத் தொடக்கூடிய நடையாகச் சுருக்கிக்கொண்டால் நாய்க்கு ஏமாற்றமும் இல்லை. அதற்குத் தேவை மோப்பம் பிடிக்க ஈரமான இலைக்குவியல், உயரம் அல்ல.

நாயை விட்டுவிட்டுத் தனியாகப் போவதைப் பலர் துரோகம்போல் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயில்மழைக் காலத்தில் நண்பகலுக்குள் முகடு தாண்டத் தனியாகப் போனால் முடியும், நாயோடு முடியாது என்று கணக்கு சொன்னால் இது முறையான தேர்வு. பல தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் நாய்க்கு அனுமதியே இல்லை என்பதால், சில பாதைகளுக்கு இது ஒன்றுதான் வழி. ஆனால் அதே இடிமழை நாய் தங்கும் வீட்டுக்கும் வரும். இடிக்கு மிரளும் நாய், பழகாத வீட்டில், நீங்கள் இல்லாதபோது கதவிடுக்கில் நழுவி ஓடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். ஆகவே ஒப்படைக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, சத்தம் குறைவான ஓர் உள்ளறையை அதற்கென ஒதுக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றையும் அங்கே போட்டுவையுங்கள். மலையில் உங்கள் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்பதால், கழுத்துப்பட்டை வில்லையில் அந்த வீட்டுக்காரரின் எண்ணையும் சேர்த்துப் பொறித்துவிடுங்கள். நாயின் உடலில் அடையாளச் சிப் பொருத்தியிருந்தால் அதன் பேரில் பதிவாகியிருக்கும் உங்கள் தொலைபேசி எண் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.